ஒரே அறை, இரண்டு ஷிப்ட், அம்மாவின் தூக்கம்

மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் வீடுகளில் ராத்திரி ரொம்பச் சின்னது. எங்கள் வீட்டில் முன்பெல்லாம் இரண்டு மணிக்கே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கொப்பரையில் துணி விரித்து, மாவு ஊற்றி, ஈடு ஈடாக அவித்து எடுக்க வேண்டும். மூன்றரைக்குச் சட்னிக்காக மிக்ஸி ஓடும். ஐந்து மணிக்கெல்லாம் அப்பா பாத்திரங்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சயான், வடாலா பக்கம் கிளம்பிவிடுவார். தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்த வியாபாரம் இது. அப்பா, அம்மா, அண்ணன், மதினி, பத்தாவது படிக்கும் மருமகன் (அண்ணன் மகன்), நான் என்று ஆறு பேர். கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறும் மாளா என்ற ஒரு மேல்தட்டு, அவ்வளவுதான் வீடு.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நைட் டூட்டி அடிக்கடி வரும். அதனால் எங்கள் வீட்டில் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒருவர் படுத்திருப்பார், ஒருவர் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்பார். தூக்கத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளைக் கேட்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். அவையெல்லாம் தனி அறை, தனிக் கட்டில், சாத்திக்கொள்ள ஒரு கதவு உள்ளவர்களுக்கானவை. இருட்டாக்குங்கள், அமைதியாக்குங்கள், தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் எங்களைப் போன்ற வீட்டில் ஒருவர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் மற்ற ஐந்து பேரும் அதற்கு மனது வைக்க வேண்டும். இதை அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம்.

அம்மாவுக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை. மாத்திரை தவறாமல் போடுவார், இனிப்பைத் தொட மாட்டார், நடைக்கோ குறைவே இல்லை. இருந்தும் மூன்று மாத சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறிக்கொண்டே போனது. ரத்த அழுத்தமும் கூடியது. அதைவிட எங்களைக் கவலைப்பட வைத்தது அவருடைய மனநிலை. சின்ன விஷயத்துக்குக் கண் கலங்கிவிடும். சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்பது மறந்துபோகும். மதினியிடம் வருத்தப்பட்டுப் பேசிவிட்டு, அதை நினைத்து நினைத்து உட்கார்ந்திருப்பார். வயசாகிறது, வேலைப் பளு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சர்க்கரைக்குக் காட்டும் டாக்டரம்மா ஒரு நாள், "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க, எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார். சீரியல் முடிந்து, பாத்திரம் கழுவி, பத்தரைக்குப் படுத்து இரண்டுக்கு எழுந்திருப்பதை அம்மா பெருமையாகவே சொன்னார். மத்தியானம்? அப்போது அரிசி, உளுந்து ஊறப்போட வேண்டும், சமைக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் யாராவது வருவார்கள். அப்பா பதினொரு மணிக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கிவிடுவார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர் என்று வீடே சத்தமில்லாமல் இருக்கும். அதே நேரம் அடுப்படியில் நின்ற அம்மாவின் தூக்கம் யார் கணக்கிலும் இல்லை. நிறையத் தமிழ் வீடுகளில் இதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம். வீட்டுப் பெண்களின் தூக்கம் என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரம்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. அம்மாவுக்குக் கிடைத்தது அதில் பாதி. தூக்கம் குறைந்தால் உடம்பின் செல்கள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைத் தொடர்ந்து ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். அதற்குள்ளேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிட்டது. இளவட்டப் பையன்களுக்கே ஆறு நாளில் அப்படி என்றால், ஏற்கெனவே சர்க்கரை உள்ள, ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு வருடக்கணக்கில் என்ன ஆகியிருக்கும்! பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுவதும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறைவதும் தூக்கக் குறைவோடு சேர்ந்து வருபவைதான். விடிகாலையில் அம்மாவுக்கு எடுக்கும் அகோரப் பசி எதனால் என்று அப்போது புரிந்தது.

ரத்த அழுத்தமும் அப்படித்தான். நன்றாகத் தூங்கும்போது அது பகல் அளவைவிடப் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அந்த நேரம்தான் ஓய்வு. தூக்கம் துண்டு துண்டானால் அந்த இறக்கமே ஒழுங்காக நடப்பதில்லை.

மனதுக்கு நடப்பது இன்னும் சீக்கிரம் வெளியே தெரியும். பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதி மூளையில் ஒன்று; அதை நிதானப்படுத்தும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இன்னொன்று. தூக்கம் கெடும்போது முதலாவது எகிறும், இரண்டாவதன் பிடி தளரும். வார்டில் இதைத் தினமும் பார்க்கிறேன். நோயாளிக்குத் துணையாக நாற்காலியிலேயே பல ராத்திரி உட்கார்ந்திருக்கும் மனைவியோ மகளோ திடீரென்று எங்கள் மேல் கத்துவார்கள், அடுத்த நிமிடம் அழுவார்கள். அவர்களிடம் வாதம் செய்யாமல், வீட்டிலிருந்து வேறு யாரையாவது வரச் சொல்லி ஒரு ராத்திரி அவர்களை அனுப்பிவைத்தால், மறுநாள் வேறு ஆளாக வருவார்கள். நீண்ட நாள் தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கக் கேடு மனச்சோர்வைக் கொண்டுவரும். எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? "ஏட்டி, நான் தூங்கிட்டா இட்லிய யாரு அவிப்பா?" என்று அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், தூங்குங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து வேலையையே பிரித்துப் பார்த்தோம். பெரிய மாற்றம் அண்ணன் சொன்ன யோசனையால் வந்தது. இரண்டாவதாக ஒரு கொப்பரையும் இன்னொரு பெரிய பர்னரும் வாங்கினோம். ஒரே நேரத்தில் இரண்டு ஈடு அவிந்ததால் அடுப்புப் பற்றவைக்கும் நேரம் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளிப்போனது. தேங்காய் துருவுவது, மிளகாய் கிள்ளுவது, பொரிகடலை அளந்து வைப்பது எல்லாம் சாயங்காலமே முடிந்துவிடும். காலையில் அரைப்பது மட்டும்தான். அதையும் மதினி பார்த்துக்கொள்கிறார். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைக்கும் வேலை அண்ணனுக்கு. ராத்திரிப் பாத்திரம் எனக்கு, நைட் டூட்டி இருந்தால் மருமகனுக்கு.

அப்புறம் படுக்கும் நேரம். எட்டரைக்கு அம்மா படுக்க வேண்டும் என்றால் எட்டரைக்கு டிவி நிற்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. சீரியலை மறுநாள் மதியம் மொபைலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவே முடிவு செய்தார். அம்மா படுக்கும் மூலைக்கு ஒரு கனமான திரை போட்டோம். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன பல்பை எரியவிடுகிறோம். காரணம் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பகலா இரவா என்று தீர்மானிக்கிறது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்ட ஆரம்பித்த பிறகே சுரக்கும். பளிச்சென்ற வெளிச்சம் அதை அடக்கிவிடும். இந்த உடல் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அது பொழுதுபோக்கு ஆராய்ச்சி அல்ல. இதயம், கல்லீரல், குடல் எல்லாவற்றிலும் அந்தக் கடிகாரம் ஓடுகிறது.

மதியத் தூக்கம்தான் அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. பகலில் படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவர். ஒன்றரை மணி நேரம் படுத்தால்தான் அவருடைய கணக்கு எட்டு மணி நேரத்தை ஒட்டி வரும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினோம். தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றாக வருகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு நேரமில்லை என்றால் இருபது நிமிடத்தோடு எழுந்துவிடுவது நல்லது, நடு ஆழத்தில் எழுப்பினால் தலை பாரமாக இருக்கும். வாசல் திரையைப் பாதி இறக்கிவிட்டால் அம்மா படுத்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டு அத்தைகளிடம் சொல்லிவைத்தோம். அவர்கள் இதை எவ்வளவு மதித்தார்கள் என்பது எனக்கே ஆச்சரியம். இப்போது அவர்களில் இருவர் வீட்டிலும் மதியம் திரை பாதி இறங்குகிறது.

பலன் உடனே தெரியவில்லை. முதலில் மாறியது முகம். பிறகு கோபம் குறைந்தது. மதினியும் அம்மாவும் அடுப்படியில் மறுபடி கதை பேச ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளில் சர்க்கரையும் இறங்கியது. தூக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், மாத்திரையையும் நாங்களாகக் குறைக்கவில்லை. ஆனால் அதே மாத்திரை இப்போது வேலை செய்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்ததால் அப்பாவின் குறட்டையும் வெளிச்சத்துக்கு வந்தது. அப்பா நல்லாத் தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம், சத்தம் அப்படி. ஆனால் உற்றுக் கேட்டால் குறட்டை திடீரென்று நிற்கும், மூச்சே இருக்காது, பிறகு திணறி இழுப்பார். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்வதால் வரும் தூக்க மூச்சுத்தடை அது. ஒவ்வொரு அடைப்பும் பத்து வினாடிக்கு மேல் நீடிக்கும். கடுமையாக இருப்பவர்களுக்கு மணிக்கு முப்பது தடவைக்கு மேல்கூட வரும். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், இதயம் பதறும், தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது, காலையில் தலைவலி, மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் இவை அதன் அடையாளங்கள். குறட்டை விடுகிறவரைக் கேலி செய்யும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் படுப்பவர் ஒரு ராத்திரி மொபைலில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. அப்பாவுக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவைத்து அளவெடுக்கும் பரிசோதனை செய்தார்கள். இப்போது மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்தத்தால் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினோடு தூங்குகிறார். விலை அதிகம்தான், வாடகைக்கும் கிடைக்கிறது. அதன் சத்தம் எங்கள் மின்விசிறியின் சத்தத்தைவிடக் குறைவு.

மருமகன் விஷயம் வேறு. "விடியக்காலம் படிச்சாத்தான் மனசுல நிக்கும்" என்று அப்பா அவனை நாலு மணிக்கு எழுப்புவார். அவனோ மாளாவில் பன்னிரண்டு வரை விழித்திருப்பான். பதின்ம வயதில் உடல் கடிகாரமே தள்ளிப்போகிறது. சீக்கிரம் தூக்கம் வராதது அவர்களின் பிடிவாதம் அல்ல. அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். ராத்திரி ஒன்பதுக்கே படுக்கிற பிள்ளைக்கு விடிகாலைப் படிப்பு அருமையானது. பன்னிரண்டுக்குப் படுப்பவனை நாலுக்கு எழுப்புவது, படித்ததையும் சேர்த்து அழிப்பது. அப்பாவிடம் இதை ஒத்துக்கொள்ள வைக்க நாளானது. இப்போது பத்தரைக்கு அவன் மொபைல் கீழே சார்ஜில் இருக்கும், ஆறரை வரை யாரும் எழுப்புவதில்லை. மாளாவின் தகரக் கூரை மே மாதத்தில் கொதிக்கும். தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கியாக வேண்டும். படுக்கும் முன் ஒரு குளியல், ஜன்னலோரம் ஈரத்துணி, கொசுவலை. அந்த மாதங்களில் அவன் கீழேதான் படுக்கிறான், நான் மேலே போகிறேன்.

நைட் டூட்டிக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் உதவியவற்றைச் சொல்கிறேன். சாயங்காலம் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் போவேன். டீ, காபி நள்ளிரவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதிகாலை நான்கு மணிக் காபி காலை ஒன்பது மணித் தூக்கத்தைத் தின்றுவிடும். டூட்டி முடிந்து வெளியே வரும்போது கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்கு வந்ததும் லேசாகச் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கை, கண்ணுக்குத் துணி, காதுக்குப் பஞ்சு. ஸ்கூட்டியை மட்டும் அந்த வாரம் எடுக்கவே மாட்டேன், ரயில்தான். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03தான். கூட வேலை செய்யும் பெண்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி உறுதி செய்தது. பயப்படச் சொல்லவில்லை. நைட் டூட்டி முடிந்த மறுநாள் ஓய்வு கேட்பது சலுகை கேட்பதல்ல, நியாயம்.

தூக்க மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிப் போடுவது எங்கள் பக்கம் சகஜம். தயவுசெய்து வேண்டாம். பழகிப்போனால் நிறுத்துவது கஷ்டம். வயதானவர்கள் ராத்திரி எழுந்து விழுவதற்கும் குறட்டைக்காரர்களின் மூச்சு இன்னும் திணறுவதற்கும் அது காரணமாகலாம். மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கு முதலில் தர வேண்டியது பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். அதன் ஒரு பகுதி எளிமையானது: படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், கண் சொருகும்போது மறுபடி படுங்கள். எங்களுக்குப் போக வேறு அறை இல்லை; பாயை விட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாலே போதும். கவலை மனதைப் பிடித்து ஆட்டுகிறது, வாழ்வே வேண்டாம் என்றிருக்கிறது என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ஒலிபெருக்கிக்கும் சட்டம் இருக்கிறது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் அதைப் போடக் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டு விதிகள். சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். எங்கள் சந்தில் முதலில் பண்டிகை மண்டபம் போடும் பையன்களிடம் நேரில் போய்ச் சொல்வோம், விடிகாலை வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று. பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் 112 என்ற அவசர எண்.

பொங்கல் வருகிறது. தாராவியின் 90 அடி ரோட்டில் பொங்கல் பானைகள் வரிசையாக ஏறும் அந்த வாரத்தில் இட்லி ஆர்டரும் கூடும். முந்தைய வருடங்களில் அம்மா அந்த நாட்களில் படுக்கையையே பார்த்ததில்லை. இந்த முறை மதினியின் தங்கையைச் சம்பளத்துக்கு உதவிக்கு அழைத்திருக்கிறோம். யார் எப்போது அவிப்பது, யார் எப்போது படுப்பது என்று அடுப்புக்கு மேல் சுவரில் ஒரு தாள் ஒட்டியாகிவிட்டது. அதில் அம்மாவின் நேரத்தை அம்மாவே எழுதினார்.